மாற்றுக் குழாயும் அடைபடும்: மார்வலியை மறைக்காதீர்!

(கெடாவில் நடைபெற்ற தோட்டக் கிளைக் கூட்டம் ஒன்றில் கிராணித் தோழர் ஒருவர் ஆற்றிய உரை)



சங்கக் கூட்டம் என்றால் சம்பளம், போனஸ், வீடு, தண்ணீர் ஆகியவற்றைப் பற்றிப் பேசுவதே வழக்கம். இன்று அவற்றைச் சற்று ஒதுக்கி வைத்துவிட்டு நெஞ்சைப் பற்றிப் பேச வேண்டும் என்று செயற்குழு கேட்டுக்கொண்டது. நாம் டாக்டர் அல்லர். பெரட்டுப் புத்தகம் எழுதும் கிராணி. ஆயினும் நமது தோட்டத்தில் நடந்த ஒரு சம்பவத்துக்குப் பிறகு, தெரிந்தவர்களிடம் கேட்டும் படித்தும் அறிந்துகொண்டதை உங்கள் முன் வைப்பது கடமை எனக் கருதுகிறோம். அந்தச் சம்பவத்தில் நமக்கும் ஒரு பங்கு உண்டு. அதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறோம்.

நடந்தது என்ன?

இலையுதிர்வு முடிந்து மரங்கள் புதுத் தளிர் விட்டிருந்த சமயம். நம் தோழர் ஒருவர், வயது 57, பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன் இருதயத்தில் பைபாஸ் அறுவைச் சிகிச்சை செய்துகொண்டவர். பெயர் சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார்; சொல்லவில்லை. ஆபரேஷன் முடிந்த முதல் இரண்டு மூன்று ஆண்டுகள் மருந்தைத் தவறாமல் சாப்பிட்டார். பிறகு உடம்பு நன்றாயிருக்கவே ஒவ்வொன்றாக விட்டுவிட்டார். விட்டிருந்த சிகரெட் திரும்ப வந்தது. "புதுக் குழாய் போட்டாச்சு, இனி என்ன பயம்?" என்பது அவர் எண்ணம். நம்மில் பலருக்கும் அந்த எண்ணந்தான்.

ஒரு திங்கட்கிழமை. பால் வாளிகளோடு மேட்டு நிரையில் ஏறும்போது நெஞ்சில் ஒரு பாரம். நின்றார், போய்விட்டது. செவ்வாயன்று சமதரையில் நடக்கும்போதே வந்தது. புதன்கிழமை பால் நிறுக்கும் இடத்தில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். முகமெல்லாம் வியர்வை.

"என்ன அண்ணே, முகம் வாடியிருக்கு?" என்று கேட்டோம்.

"ஒண்ணுமில்லே கிராணித் தம்பி. வாயுப் பிடிப்பு. சுக்குத் தண்ணி குடிச்சேன். நாளைக்கு ஒரு நாள் லீவு போட்டுட்டு கிளினிக்குக்குப் போயிட்டு வரலாமான்னு பார்க்கிறேன்."

அதற்கு நாம் சொன்ன பதில் இது: "நாளைக்கு வராவிட்டால் இந்த மாத வருகைப் படி போயிடுமே அண்ணே. இன்னும் ரெண்டே நாள்தானே. முடிச்சுட்டுப் போங்களேன்."

தோழர்களே, கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. அவருக்குப் பணம் நஷ்டமாகக் கூடாதே என்று சொன்னோம். அவரும் தலையாட்டிவிட்டுப் போனார். அன்றிரவு மூன்று மணிக்குப் படுக்கையிலேயே வலி வந்து எழுந்து உட்கார்ந்திருக்கிறார். அவர் மனைவி தைலம் தடவியிருக்கிறார். விடிந்ததும் பெரட்டுக்கு வந்துவிட்டார். புத்தகத்தில் அவர் பெயருக்கு நேரே நாமே குறியிட்டோம்.

ஏழு மணி வாக்கில் நிரையிலே விழுந்தார். பக்கத்து நிரையில் வெட்டிக்கொண்டிருந்த அக்கா கூச்சல் போட்டார். அந்தப் பள்ளத்தில் கைத்தொலைபேசிக்கு அலை கிடைக்காது. மேட்டுக்கு ஓடி வந்து பேசினார். தோட்டத்து வேன் டவுனுக்குப் போயிருந்தது. கடைசியில் ஒரு தோழரின் மகனுடைய காரில் ஏற்றிக்கொண்டு போய்ச் சேரும்போது முக்கால் மணி நேரத்துக்கு மேலாகிவிட்டது.

அவர் பிழைத்தார். ஆனால் மயிரிழையில் பிழைத்தார். அந்த மயிரிழை என்னவென்று தெரிய வேண்டுமானால் பைபாஸ் என்றால் என்ன என்பதை அறிந்துகொள்ள வேண்டும்.

பைபாஸ் என்றால் என்ன?

இருதயம் உடம்புக்கெல்லாம் இரத்தம் இறைக்கும் பம்பு. அந்தப் பம்புக்கும் தீனி வேண்டும். அதன் மேற்பரப்பில் ஓடும் சிறு தமனிகள்தாம் அதற்குத் தீனி போடுகின்றன. அவற்றின் உட்சுவரில் கொழுப்புப் படிந்து வழி குறுகினால், மேடு ஏறும்போது இருதயம் கேட்கும் அளவு இரத்தம் போய்ச் சேராது. அப்பொழுது வருவதுதான் மார்வலி.

அடைபட்ட இடத்தைத் தாண்டி வேறொரு குழாயை வைத்துத் தைத்து, இரத்தத்துக்குச் சுற்றுவழி அமைத்துக் கொடுப்பதே பைபாஸ். மண் சரிந்து சாலை மூடிக்கொண்டால் பக்கத்துக் காட்டில் வழி வெட்டி லாரியை ஓட்டுகிறோமே, அதுபோல. ஒன்றைக் கவனியுங்கள். சரிந்த மண்ணை யாரும் அள்ளவில்லை. பழைய அடைப்பு அங்கேயே இருக்கிறது. அடைப்பை உண்டாக்கிய சர்க்கரையும் கொழுப்பும் புகையும் உடம்பில் இருந்தால் புது வழிக்கும் அதே கதிதான்.

சுற்றுவழிக் குழாய் எங்கிருந்து கிடைக்கிறது? பெரும்பாலும் நம் காலிலிருந்தே. கணுக்காலிலிருந்து தொடை வரை தோலுக்கடியில் ஓடும் நீண்ட சிரையை எடுக்கிறார்கள். பைபாஸ் செய்துகொண்டவர்களின் காலில் நீளத் தழும்பு இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். இன்னொன்று, மார்பெலும்பின் உட்புறமாக ஓடும் தமனி. அதன் நுனியை மட்டும் வெட்டி இருதயத்தோடு இணைக்கிறார்கள்.

காலின் சிரையைக் கொண்டு இந்தச் சிகிச்சையை 1967 ஆம் ஆண்டில் அமெரிக்காவின் கிளீவ்லாந்து நகரில் செய்து, உலகமெங்கும் பரவ வழி செய்தவர் அர்ஜென்டினா நாட்டு டாக்டர் ரெனே ஃபவலோரோ. இந்தியாவில் முதன்முதலாக 1975 இல் சென்னை பெரம்பூர் ரயில்வே ஆஸ்பத்திரியில் டாக்டர் கே. எம். செரியன் செய்தார். ரயில்வேத் தொழிலாளர்கள் மருந்து வாங்கும் ஆஸ்பத்திரியில் அது நடந்தது என்பது நாம் நினைவில் கொள்ளத்தக்கது.

நம் நாட்டில் இதை வீட்டுக்கு வீடு அறியச் செய்தது 1989 ஜனவரி மாதம். அலோர் ஸ்டாரில் பிறந்து, அங்கேயே டாக்டராகத் தொழில் நடத்தி, பின் பிரதமரான டாக்டர் மகாதீருக்கு அப்பொழுது மாரடைப்பு வந்தது. வெளிநாடு போகாமல் கோலாலம்பூர் பொது ஆஸ்பத்திரியிலேயே பைபாஸ் செய்துகொண்டார். டாக்டர் யஹ்யா அவாங் அதைச் செய்தார். பின் 1992 இல் ஐ.ஜே.என். எனப்படும் தேசிய இருதயக் கழகம் கோலாலம்பூரில் தொடங்கப்பட்டது. இன்று வடபகுதி மக்களுக்குப் பினாங்குப் பொது ஆஸ்பத்திரியிலேயே இருதய அறுவைச் சிகிச்சை உண்டு.

மாற்றுக் குழாய் ஏன் குறுகுகிறது?

இங்கேதான் நம் தோழர் தவறினார். நாமும் தவறினோம். போட்ட குழாய் ஆயுள் முழுதும் இருக்கும் என்று நம்பியிருந்தோம்.

சிரை என்பது மெல்லிய சுவர் கொண்டது. இரத்தத்தை மெதுவாக இருதயத்துக்குத் திருப்பிக் கொண்டு வருவதற்காக ஏற்பட்டது. தமனியில் இரத்தம் 120 அளவு அழுத்தத்தில் பாய்கிறதென்றால், சிரையில் அதில் பத்தில் ஒரு பங்கு இருந்தால் அதிகம். அப்படிப்பட்ட சாதுவான குழாயைப் பிடுங்கித் தமனியின் இடத்தில் வைத்தால் என்ன ஆகும்? தோட்டத்துக்குத் தண்ணீர் தெளிக்கும் ரப்பர்க் குழாயைப் பெரிய பம்பின் வாயில் மாட்டியது போலத்தான். தாக்குப் பிடிக்கத் தன் சுவரைத் தானே தடிப்பாக்கிக்கொள்ளும். சுவர் தடிக்கத் தடிக்க உள்வழி குறுகும்.

பால் வாளியை ஒரு வாரம் கழுவாமல் வைத்துப் பாருங்கள். ஒவ்வொரு நாளும் ஒட்டும் பால் ஏடு ஏடாகப் படிந்து, தோல் மேல் தோலாகி, வாளியின் கொள்ளளவே குறைந்துவிடும். சிரைக் குழாயின் உள்ளே நடப்பது ஏறக்குறைய அதுவே.

டாக்டர்கள் இதை மூன்று கட்டமாகப் பிரிக்கிறார்கள். முதல் மாதத்துக்குள் அடைபட்டால் அது பெரும்பாலும் இரத்தம் உறைந்து கட்டியானதால். முதல் ஓராண்டுக்குள் என்றால் சுவர் தடித்ததால். அதற்குப் பிறகு என்றால், பழைய தமனியை அடைத்த அதே கொழுப்பு இந்தக் குழாயிலும் படிந்ததால். சிரையில் படியும் கொழுப்பு பொலபொலவென்று உதிரும் தன்மையுடையது. அது வெடித்தால் அந்த இடத்தில் இரத்தம் உறையும். மங்கிலே இருக்கும் பாலில் ஆசிட் விழுந்தால் எப்படித் திரண்டு கட்டிப்பால் ஆகிறதோ, அப்படி.

கணக்கும் சொல்லிவிடுகிறோம். காலிலிருந்து எடுத்த சிரைக் குழாய்களில் நூற்றுக்கு 10 முதல் 20 வரை முதல் ஆண்டிலேயே அடைபடுகின்றன. பத்து ஆண்டு கழியும்போது ஏறக்குறைய பாதிக் குழாய்கள் மூடிக்கொள்கின்றன அல்லது மோசமாகக் குறுகிவிடுகின்றன. மார்பின் உள்தமனியோ நல்ல பிள்ளை. பத்து ஆண்டுக்குப் பிறகும் நூற்றுக்கு 90 அளவில் திறந்தே இருக்கிறது. அது பிறவியிலேயே தமனி, அழுத்தத்துக்குப் பழகியது.

நம் தோழருக்கு மூன்று குழாய்கள் போட்டிருந்தார்கள். இரண்டு காலின் சிரை, ஒன்று மார்பின் தமனி. ஆஞ்சியோகிராம் எடுத்துப் பார்த்தபோது ஒரு சிரை முழுதும் மூடியிருந்தது. இன்னொன்று நூல் போலக் குறுகி அதில் உறைகட்டி தொங்கிற்று. மார்பின் தமனி மட்டும் திறந்திருந்தது. நாம் சொன்ன மயிரிழை அதுதான்.

இது ஏழைக்கு மட்டும் வருவதன்று

அமெரிக்காவின் முன்னாள் ஜனாதிபதி பில் கிளின்டனுக்கு 2004 இல் பைபாஸ் நடந்தது. 2010 பிப்ரவரியில் சில நாட்களாக நெஞ்சில் அசௌகரியம் இருந்து ஆஸ்பத்திரிக்குப் போனார். பார்த்தால், போட்ட சிரைக் குழாய்களில் ஒன்று முழுதும் அடைபட்டிருந்தது. டாக்டர்கள் அந்தக் குழாயோடு மல்லுக்கட்டாமல் அவருடைய பழைய தமனியையே திறந்து இரண்டு ஸ்டென்ட் வைத்தார்கள். மறுநாள் வீடு திரும்பினார். உலகத்திலேயே உயர்ந்த வைத்தியம் கிடைக்கும் மனிதருக்கு ஆறு ஆண்டு ஆகுமுன்னே குழாய் அடைபட்டது.

இந்தியப் பிரதமராயிருந்த மன்மோகன் சிங் 1990 இல் ஒரு பைபாஸும், பதவியில் இருக்கும்போதே 2009 ஜனவரியில் டில்லியில் இரண்டாவது பைபாஸும் செய்துகொண்டார். நம் டாக்டர் மகாதீருக்கு 2006 நவம்பரில் இலேசான மாரடைப்பு வந்தது. 2007 மே மாதம் நம் கெடாவின் லங்காவியில் இருக்கும்போது மூச்சுத் திணறல் கண்டு கோலாலம்பூருக்கு விமானத்தில் கொண்டு போகப்பட்டார். அவ்வாண்டு செப்டம்பர் 4 ஆம் தேதி ஐ.ஜே.என். இல் இரண்டாவது பைபாஸ் நடந்தது. முதலாவதற்கும் இரண்டாவதற்கும் இடையே 18 ஆண்டுகள். அப்போது வயது 82. அதற்குப் பிறகு 2018 இல் மீண்டும் பிரதமரானார். 2025 ஜூலையில் நூறு வயதை எட்டினார்.

இதை ஏன் சொல்கிறோம்? அவருடைய அரசியலைப் பற்றிப் பேச அன்று. அதில் நமக்குள் பல அபிப்பிராயம் இருக்கலாம். பைபாஸ் செய்தவருக்குத் திரும்ப வலி வந்தால் அதோடு எல்லாம் முடிந்தது என்று பொருளில்லை என்பதற்காகவே சொல்கிறோம். ஆனால் அவர்களுக்கும் நமக்கும் ஒரு வித்தியாசம் உண்டு. அவர்கள் நெஞ்சில் கை வைத்தவுடன் பக்கத்தில் இருப்பவர் டாக்டரைக் கூப்பிடுகிறார். நம் தோழர் நெஞ்சில் கை வைத்தபோது பக்கத்தில் இருந்த கிராணி வருகைப் படியைப் பற்றிப் பேசினார்.

எந்த வலி ஆபத்தான வலி?

மார்வலியில் இரண்டு வகை உண்டு. மேடு ஏறினால் வரும், நின்றால் சில நிமிடத்தில் போகும், மாதக்கணக்கில் அதே அளவில் இருக்கும் என்றால் அது நிலையான வலி. அதற்கும் டாக்டர் வேண்டும்; ஆனால் இன்றிரவே ஓட வேண்டும் என்பதில்லை.

மற்றது நிலையற்ற மார்வலி. அதன் அடையாளங்களைப் பெண்களும் பிள்ளைகளும்கூட மனப்பாடம் செய்துகொள்ள வேண்டும்:

ஒன்று, ஒரு வேலையும் செய்யாமல் உட்கார்ந்திருக்கும்போதோ படுத்திருக்கும்போதோ வரும் வலி.

இரண்டு, முன்பு இல்லாமல் புதிதாக வந்து, சிறு வேலைக்கே தலைகாட்டும் வலி.

மூன்று, முன்பிருந்த வலி நாளுக்கு நாள் கூடுவது. முன்பு மேட்டில் வந்தது இப்போது சமதரையில். முன்பு வாரத்துக்கு ஒரு தடவை, இப்போது தினமும். முன்பு ஐந்து நிமிடம், இப்போது இருபது நிமிடம்.

நம் தோழரின் கதையை இதோடு வைத்துப் பாருங்கள். திங்கள் மேட்டில், செவ்வாய் சமதரையில், வியாழன் விடியற்காலை படுக்கையில். நான்கு நாளாக இருதயம் மணியடித்துச் சொல்லியிருக்கிறது. கேட்பாரில்லை.

வலி என்றால் குத்துவது என்று நினைக்க வேண்டாம். பலருக்குப் பாரமாக, இறுக்குவது போல, எரிவது போல வரும். தாடைக்கும் தோளுக்கும் இடக்கைக்கும் முதுகுக்கும் பரவும். வியர்த்துக் கொட்டும், வாந்தி வரும். சர்க்கரை நோயாளிகளுக்கும் பெண்களுக்கும் வயதானவர்களுக்கும் சில வேளை வலியே இராது. மூச்சு வாங்குவதும் சோர்வும் மட்டும் இருக்கும். "வாயு" என்று நம்மவர் எத்தனையோ பேர் இதைத்தான் சொல்லிக்கொண்டு படுத்துவிடுகிறார்கள். வாயுவா, இருதயமா என்று தீர்ப்புச் சொல்லும் வேலையை ஆஸ்பத்திரியிடம் விட்டுவிடுங்கள்.

வந்தால் செய்ய வேண்டியது

வேலையை அப்படியே விட்டு உட்காருங்கள். கத்தியையும் வாளியையும் பிறர் பார்த்துக்கொள்வார்கள். நாக்கின் அடியில் வைக்கும் மாத்திரை டாக்டர் கொடுத்திருந்தால், உட்கார்ந்தபடியே ஒன்றை வையுங்கள். நின்றுகொண்டு வைத்தால் தலை சுற்றி விழலாம். ஐந்து நிமிடத்தில் வலி குறையாவிட்டால் உடனே 999. மாத்திரை இல்லாதவர் காத்திருக்கவே வேண்டாம், முதலிலேயே 999. ஆஸ்பிரின் ஒத்துக்கொள்ளாதவர், வயிற்றில் இரத்தக் கசிவு உள்ளவர் தவிர மற்றவர், தொலைபேசியில் பேசுவோர் சொன்னால் 300 மில்லிகிராம் ஆஸ்பிரினை மென்று விழுங்கலாம். மோட்டார் சைக்கிளைத் தாமே ஓட்டிக்கொண்டு போகக் கூடாது.

அந்த நாக்கடி மாத்திரை வெளிச்சமும் சூடும் பட்டால் வீரியம் இழக்கும். வந்த கண்ணாடிப் புட்டியிலேயே மூடி வைத்து, திறந்து எட்டு வாரம் ஆனால் புதிது கேட்டு வாங்குங்கள். ஆண்மை மாத்திரை சாப்பிட்டவர் அதை வைக்கக் கூடாது. இரத்த அழுத்தம் அபாயமாக இறங்கிவிடும். வெட்கப்படாமல் டாக்டரிடம் சொல்லிவிட வேண்டும்.

ஆஸ்பத்திரியில் முதல் வார்த்தையாக, "எனக்குப் பைபாஸ் நடந்திருக்கிறது, இந்த ஆண்டில், இந்த இடத்தில்" என்று சொல்லுங்கள். முதலில் ஈ.சி.ஜி. எடுப்பார்கள். அது சுத்தமாக இருந்தால் ஆபத்தில்லை என்று எண்ணிவிடக் கூடாது. நம் தோழருக்கு முதல் ஈ.சி.ஜி.யில் பெரிய மாறுதல் தெரியவில்லை. இருதயத் தசை சேதப்பட்டதா என்று காட்டும் இரத்தச் சோதனையைச் சில மணி நேர இடைவெளியில் இருமுறை செய்தார்கள். பிறகு ஆஞ்சியோகிராம். ஆகவே "வீட்டுக்குப் போகிறேன்" என்று இடையில் எழுந்து வந்துவிடாதீர்கள்.

குறுகிய குழாய்க்கு வைத்தியம் இரண்டு மூன்று வகை. சிரைக் குழாயிலேயே பலூன் விட்டு ஸ்டென்ட் வைக்கலாம். ஆனால் நாம் சொன்ன அந்த உதிரும் கொழுப்பு துணுக்குத் துணுக்காகக் கீழே போய் வேறிடத்தை அடைக்கலாம் என்பதால், சில வேளை வடிகட்டி போன்ற ஒரு சாதனத்தை அப்பால் வைத்துக்கொண்டு செய்கிறார்கள். முடிந்தால் பழைய தமனியையே திறப்பது நல்லது என்பது டாக்டர்கள் பலரின் கருத்து. இவை ஒத்துவராதபோது இரண்டாவது பைபாஸ். அது முதலாவதைவிடக் கடினம். மார்பைத் தழும்பின் மேலேயே திறக்க வேண்டும். நம் தோழருக்கு ஸ்டென்டே போதுமானதாயிற்று.

குழாயைக் காப்பது யார் கையில்?

மரத்தை ஆழமாக வெட்டிக் காயப்படுத்திவிட்டு, பட்டை சரியாக வளரவில்லையே என்று மரத்தைக் குறை சொல்லலாமா? குழாயும் அப்படியே. ஆஸ்பிரினும் கொழுப்பைக் குறைக்கும் ஸ்டாட்டின் மாத்திரையும், டாக்டர் நிறுத்தச் சொல்லாதவரை ஆயுள் மருந்து. உடம்பு நன்றாயிருப்பது அந்த மருந்தால்தான். நன்றாயிருப்பதால் மருந்து வேண்டாம் என்பது தலைகீழ் நியாயம். சிகரெட்டை அறவே விட வேண்டும். சர்க்கரையும் இரத்த அழுத்தமும் கட்டில் இருக்க வேண்டும். டாக்டர் குறித்த தேதியில் தவறாமல் போக வேண்டும். வேர், பட்டை, விளம்பர மருந்து எதைச் சாப்பிட்டாலும் டாக்டருக்குத் தெரியாமல் சாப்பிடக் கூடாது.

நமது உரிமை என்ன?

இனி கிராணி என்ற முறையில் பேசுகிறோம். அன்று நாம் சொன்னது சட்டப்படியும் தவறு. 1955 ஆம் ஆண்டின் வேலைச் சட்டப்படி, டாக்டர் சான்று தந்தால் சம்பளத்தோடு நோய் விடுப்பு உண்டு. இரண்டு ஆண்டுக்குக் குறைந்த சேவைக்கு ஆண்டுக்கு 14 நாள். இரண்டு முதல் ஐந்து ஆண்டுக்குள் 18 நாள். ஐந்து ஆண்டும் அதற்கு மேலும் 22 நாள். ஆஸ்பத்திரியில் படுக்க வேண்டி வந்தால் 60 நாள். 2023 ஜனவரியிலிருந்து இந்த 60 நாள் தனிக் கணக்கு. ஒரு நிபந்தனையை மறவாதீர்கள்: விடுப்புத் தொடங்கி 48 மணி நேரத்துக்குள் முதலாளிக்குத் தெரிவிக்க வேண்டும். இல்லாவிட்டால் அனுமதியின்றி வராதவர் என்று எழுதப்படும். படுத்திருப்பவரால் முடியாவிட்டால் வீட்டார் வந்து சொல்லட்டும். கைத்தொலைபேசியில் செய்தி அனுப்பட்டும்.

இருதய நோயால் சம்பாதிக்கும் சக்தியை இழந்தவருக்கு, 1969 ஆம் ஆண்டின் சட்டப்படி அமைந்த சொக்சோவின் இயலாமை ஓய்வூதியத்துக்கு மனுச் செய்ய வழி இருக்கிறது. நாற்பது வயது எட்டிய சந்தாதாரர்களுக்கு 2013 இல் சொக்சோ இலவசச் சோதனைத் திட்டம் தொடங்கிற்று. அதைப் பயன்படுத்தியவர் நம்மில் எத்தனை பேர்? கடிதம் வந்தால் கிளைக்குக் கொண்டு வாருங்கள். படித்துச் சொல்லி, படிவம் எழுதித் தருகிறோம்.

கிளைக்கு நான்கு யோசனைகளை முன்வைக்கிறோம். முதலாவது, வேலை நடக்கும் நேரமெல்லாம் ஒரு வண்டியும் ஓட்டுநரும் தோட்டத்தில் இருக்க வேண்டும் என்று நிர்வாகத்தை எழுத்து மூலம் கேட்பது. இரண்டாவது, பைபாஸோ ஸ்டென்டோ செய்துகொண்டவர்கள் விரும்பினால் பெயர் கொடுக்கலாம். அவர்களுக்கு அலை கிடைக்காத பள்ளத்திலும் செங்குத்தான மேட்டிலும் நிரை கொடாதிருக்கக் கோருவது. மூன்றாவது, அவர்கள் ஒவ்வொருவரும் ஆபரேஷன் நடந்த ஆண்டு, இடம், சாப்பிடும் மருந்து ஆகியவற்றை எழுதிய ஓர் அட்டையைச் சட்டைப் பையில் வைத்திருப்பது. எழுதித் தருவது கிராணிமார் பொறுப்பு. நான்காவது, டாக்டர் சான்றோடு வராத நாளுக்காக வருகைப் படியை வெட்டக் கூடாது என்பதை அடுத்த பேச்சுவார்த்தையில் வைப்பது. ஒரு மாதப் படிக்காக ஒரு மனிதன் நெஞ்சுவலியோடு நிரைக்குப் போக நேருமானால், அந்தப் படி ஊக்கம் அன்று, பொறி.

ஐந்தாவதாக ஒன்று உண்டு. அதற்குத் தீர்மானம் வேண்டாம். கிராணிமாரே, மண்டோர்மாரே, இனி யாராவது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு நம்மிடம் வந்தால் புத்தகத்தை மூடி வைப்போம். முதலில் மனிதன், பிறகு நிறுவை. அன்று அதைச் செய்யத் தவறிய ஒருவன் இதைச் சொல்கிறான் என்பதால் ஏற்றுக்கொள்ளுங்கள்.

அந்தத் தோழர் இன்று முன் வரிசையில் உட்கார்ந்திருக்கிறார். அவர் சட்டைப் பையில் சிகரெட் பெட்டி இருந்த இடத்தில் இப்போது மருந்துப் புட்டி இருக்கிறது. நாம் மன்னிப்புக் கேட்டபோது அவர் சொன்னார்: "தம்பி, நீ சொன்னதாலே மட்டும் நான் வரலே. படி போகுமேன்னு நானும் பயந்தேன்." தோழர்களே, அந்தப் பயம் நம் எல்லாருக்கும் பொதுவானது. அதை ஒருவர் தனியே சுமக்க முடியாது. அதற்குத்தான் சங்கம் இருக்கிறது.